பிஎல்சிக்கு ஈதர்நெட் போர்ட்டா, சீரியல் அடாப்டரா?

புது மெஷினுக்குக் கொட்டேஷன் வாங்கினால் பெரும்பாலும் இரண்டு வரி இருக்கும். ஒன்று ஈதர்நெட் (நெட்வொர்க் கேபிள்) போர்ட் உள்ள பிஎல்சி, அதாவது மெஷினை இயக்கும் சின்னக் கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டர். இன்னொன்று அதே வரிசையில் ஈதர்நெட் இல்லாத மாடல், விலை கொஞ்சம் குறைவு. “பின்னால் தேவைப்பட்டால் ஒரு கன்வெர்ட்டர் போட்டுக்கலாம் சார், அதே வேலை நடக்கும்” என்பார் சப்ளையர். பழைய மெஷின் வைத்திருப்பவருக்குக் குழப்பம் வேறு மாதிரி. நன்றாக ஓடுகிற பிஎல்சியைக் கழற்றிவிட்டுப் புதிது போடுவதா, இருக்கிற சீரியல் போர்ட்டில் (பிட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் பழைய வகை போர்ட்) அடாப்டரை மாட்டி, டேட்டாவை ஸ்காடாவுக்கு (மெஷின்களைக் கம்ப்யூட்டரில் கண்காணிக்கும் மென்பொருள்) கொண்டுபோவதா?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாக வாங்குகிறவர், இன்று தேவையில்லாவிட்டாலும், ஈதர்நெட் உள்ளதையே வாங்கட்டும். பழையதை வைத்திருப்பவர் ஈதர்நெட்டுக்காக மட்டும் பிஎல்சியை மாற்ற வேண்டாம். இதற்கு விதிவிலக்குகள் உண்டு, அவையும் கீழே வரும்.

## எதை வைத்து முடிவு செய்வது

எல்லோரும் முதலில் வேகத்தைத்தான் கேட்கிறார்கள். அதனால் அதை முதலில் கணக்குப் போட்டு ஓரமாக வைத்துவிடலாம்.

9600 பாட் (நொடிக்கு 9600 பிட்) வேகத்தில் மோட்பஸ் ஆர்டியு (சீரியல் கம்பியில் ஓடும் ஒரு புரோட்டோகால், அதாவது சாதனங்கள் பேசும் மொழி) ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 10 ரெஜிஸ்டரை (பிஎல்சி ஓர் எண்ணை வைத்திருக்கும் இடம்) படிக்கக் கேள்வி 8 பைட், பதில் 25 பைட். ஒரு பைட்டுக்கு 11 பிட் என்றால் மொத்தம் சுமார் 38 மில்லிசெகண்ட். செய்திகளுக்கு இடையே விட வேண்டிய மூன்றரை எழுத்து இடைவெளி, பிஎல்சி பதில் தயாரிக்கும் நேரம் எல்லாம் சேர்த்தால் 50, 60 மில்லிசெகண்டில் முடியும். அதாவது நொடிக்குப் பதினாறு முதல் இருபது முறை படிக்கலாம். தொட்டி மட்டம், வெப்பநிலை, மின் அளவு இதற்கெல்லாம் அது தாராளம். 500 ரெஜிஸ்டர் வேண்டும் என்றால் கதை மாறும். மோட்பஸில் ஒரே கேள்வியில் 125 ரெஜிஸ்டருக்கு மேல் படிக்க முடியாது. நான்கு முறை கேட்க வேண்டும், ஒரு சுற்றுக்கு ஒரு நொடிக்கு மேல் போய்விடும். ஆக, உங்களுக்கு எத்தனை ரெஜிஸ்டர், எத்தனை நொடிக்கு ஒருமுறை என்று எழுதிப் பாருங்கள். பாதிப் பேருக்கு வேகம் பிரச்சினையே இல்லை என்று தெரிந்துவிடும்.

உண்மையில் முடிவைத் தீர்மானிப்பவை வேறு:

- ஒரே சமயத்தில் எத்தனை பேர் பிஎல்சியோடு பேச வேண்டும்? ஹெச்எம்ஐ (மெஷினில் உள்ள ஆபரேட்டர் திரை), ஸ்காடா, புரோகிராம் பார்க்க வரும் லேப்டாப், ஆபீஸில் ரிப்போர்ட் எடுக்கும் கம்ப்யூட்டர், எல்லாவற்றையும் எண்ணுங்கள்.
- எவ்வளவு தூரம்? சீரியல் வகைகளில் ஆர்எஸ்-232க்கு 15 மீட்டர் என்பது வழக்கமான வரம்பு. ஆர்எஸ்-485 குறைந்த வேகத்தில் 1200 மீட்டர் வரை போகும். செம்புக் கம்பி ஈதர்நெட் 100 மீட்டர்.
- பக்கத்தில் டிரைவ் (மோட்டார் வேகத்தை மாற்றும் சாதனம்), வெல்டிங் மெஷின், பெரிய மோட்டார் இருக்கிறதா? எர்த்திங் எப்படி?
- பிஎல்சி என்ன மொழி பேசுகிறது? போர்ட் இருப்பதும் உங்கள் ஸ்காடாவுக்குப் புரிகிற புரோட்டோகால் இருப்பதும் ஒன்றல்ல.
- இரவு ஷிப்டில் தொடர்பு அறுந்தால் யார் சரி செய்வார்?

கடைசிக் கேள்வியை யாரும் கொட்டேஷனில் எழுதுவதில்லை. ஆனால் செலவு அதிகம் ஒளிந்திருப்பது அங்கேதான்.

## யுஎஸ்பி–சீரியல் கேபிள்

புதிய லேப்டாப்பில் காம் போர்ட் (சீரியல் போர்ட்) கிடையாது. ஆகவே பழைய பிஎல்சியைத் தொட இந்தக் கேபிள் இல்லாமல் முடியாது. மிட்சுபிஷி எஃப்எக்ஸ் வரிசைக்கு எஸ்சி-09 வகைக் கேபிள், சீமென்ஸ் எஸ்7-200க்கு பிபிஐ கேபிள், டெல்டாவுக்கு ஆர்எஸ்-232 கேபிளோடு ஒரு யுஎஸ்பி அடாப்டர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று உண்டு.

நகல் கேபிள் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். அங்கேதான் கவனம் வேண்டும். பிஎல்2303 சிப்பின் பழைய வகை உள்ள கேபிளைப் புது விண்டோஸில் செருகினால், டிவைஸ் மேனேஜரிலேயே ‘2012 முதல் நிறுத்தப்பட்ட சிப், விற்றவரிடம் கேளுங்கள்’ என்ற பொருளில் ஒரு வரி வந்து நிற்கும். போலி சிப்புகளுக்கு எதிராகத் தயாரிப்பாளர்களே டிரைவர் மூலம் நடவடிக்கை எடுத்ததும் உண்டு. 2014-ல் எஃப்டிடிஐ என்ற சிப் நிறுவனம் வெளியிட்ட டிரைவர், போலி சிப்பின் அடையாள எண்ணைப் பூஜ்யமாக்கி அதை வேலை செய்யாமல் ஆக்கியது. எதிர்ப்பு கிளம்பியதும் அதைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் அதற்குள் அந்தக் கேபிளோடு மெஷின் முன்னால் நின்றவர் பாடு?

இன்னும் சில சின்னத் தொல்லைகள். கேபிளை வேறு யுஎஸ்பி துளையில் செருகினால் காம் போர்ட் எண் மாறிவிடும், மென்பொருள் பழைய எண்ணையே தேடிக்கொண்டிருக்கும். எஃப்டிடிஐ சிப்பில் லேட்டன்சி டைமர் (வந்த டேட்டாவை அனுப்பும் முன் சிப் காத்திருக்கும் நேரம்) 16 மில்லிசெகண்டில் இருக்கும், நிறைய சின்னச் சின்னச் செய்திகள் போகும் இடத்தில் அதை 1-க்குக் குறைத்தால் நல்ல வித்தியாசம் தெரியும்.

இதையெல்லாம்விட முக்கியம் ஐசொலேஷன். மலிவான கேபிளில் லேப்டாப்புக்கும் பிஎல்சிக்கும் நடுவில் மின் தடுப்பு எதுவும் கிடையாது. லேப்டாப் சார்ஜரில் ஓடுகிறது, பேனல் எர்த்திங் சரியில்லை என்றால், இரண்டுக்கும் உள்ள மின்னழுத்த வித்தியாசம் அந்தக் கேபிள் வழியாகத்தான் போகும். பிஎல்சியின் கம்யூனிகேஷன் போர்ட் எரிந்துபோவதற்கு இது ஒரு வழக்கமான காரணம். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் வேலை செய்யுங்கள். முடிந்தால் ஐசொலேட்டட் கேபிளுக்குக் கூடுதலாகக் கொடுங்கள்.

மெயின்டனன்ஸ் ஆள் எப்போதாவது புரோகிராமைப் பார்க்க மட்டும் என்றால் இதுவே சரி. நாள் முழுக்க ஸ்காடாவை இதில் ஓட்டுவது எனக்கு உடன்பாடில்லை. கம்ப்யூட்டர் பேனல் பக்கத்திலேயே இருக்க வேண்டும், யாராவது துடைக்கும்போது கேபிள் ஆடினால் போதும், டேட்டா நின்றுவிடும்.

## சீரியல்–ஈதர்நெட் மாற்றி

குழப்பம் அதிகம் இருப்பது இங்கேதான். கடையில் ‘ஆர்எஸ்-485 டு ஈதர்நெட்’ என்று ஒரே பெயரில் விற்கப்படுபவை உண்மையில் இரண்டு தனித்தனிச் சாதனங்கள்.

முதல் வகை சீரியல் டிவைஸ் சர்வர். மோக்சா என்போர்ட் 5150 போன்றவை இந்த ரகம். உறையைப் பிரிக்காமல் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போகும் தபால்காரர் மாதிரி, சீரியலில் வரும் பைட்டுகளை அப்படியே நெட்வொர்க்கில் தள்ளும். கம்ப்யூட்டரில் இதற்கு ஒரு டிரைவர் போட்டால் விண்டோஸில் ஒரு போலி காம் போர்ட் தோன்றும், பழைய மென்பொருளுக்கு நடுவில் நெட்வொர்க் இருப்பதே தெரியாது.

இரண்டாவது வகை புரோட்டோகால் கேட்வே. மோக்சா எம்கேட் எம்பி3180 ஓர் உதாரணம். இது செய்தியைப் பிரித்துப் படிக்கும். நெட்வொர்க் பக்கம் மோட்பஸ் டிசிபியாக வருவதை சீரியல் பக்கம் மோட்பஸ் ஆர்டியுவாக மாற்றிக் கொடுக்கும்.

ஸ்காடாவில் ‘மோட்பஸ் டிசிபி’ என்று தேர்ந்தெடுத்துவிட்டு, களத்தில் முதல் வகையை மாட்டினால் ஒரு எழுத்துகூடத் திரும்பி வராது. பிங் (நெட்வொர்க் தொடர்பைச் சோதிக்கும் கட்டளை) போகும், விளக்கு மினுக்கும், டேட்டா மட்டும் வராது. ஏனென்றால் மோட்பஸ் டிசிபி செய்தியில் முன்னால் 7 பைட் தலைப்பு இருக்கும், பின்னால் சிஆர்சி (பிழை கண்டறியும் எண்) இருக்காது. ஆர்டியுவில் சிஆர்சி கட்டாயம். அப்படியே தள்ளினால் பிஎல்சி அதைக் குப்பை என்று ஒதுக்கிவிடும். சில ஸ்காடாக்களில் ‘ஆர்டியு ஓவர் டிசிபி’ என்று தனியாக ஒரு தேர்வு இருக்கும், அது இருந்தால் முதல் வகையும் வேலை செய்யும். இல்லாவிட்டால் கேட்வேதான்.

ஒரே சமயத்தில் பலர் பேசுவதிலும் இந்த வித்தியாசம் வரும். சீரியல் கம்பியில் ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான் ஓடலாம். டிவைஸ் சர்வருக்கு இது தெரியாது. இரண்டு கம்ப்யூட்டர் இணைந்தால் ஒன்றின் கேள்விக்கான பதில் இன்னொன்றுக்குப் போய்ச் சேரலாம், அல்லது முதலில் பிடித்தவரே போர்ட்டை வைத்துக்கொள்வார். மூடாமல் விட்டுப்போன லேப்டாப் ஒன்று இணைப்பைப் பிடித்துவைத்திருக்க, ஸ்காடா காலை வரை ‘கம்யூனிகேஷன் ஃபெயிலியர்’ காட்டிக்கொண்டிருக்கும். கேட்வே கேள்விகளை வரிசையில் நிறுத்தி ஒவ்வொன்றாகக் கேட்டு உரியவருக்கு அனுப்பும். ஆனால் மேலே போட்ட 9600 கணக்கை அதனாலும் மீற முடியாது. நான்கு பேர் கேட்டால் ஒவ்வொருவருக்கும் நாலில் ஒரு பங்கு வேகம்தான்.

அப்புறம், எல்லா ஆர்எஸ்-485ம் ஒன்றல்ல. சீமென்ஸ் எஸ்7-300ன் எம்பிஐ போர்ட்டும் மின்சார அளவில் ஆர்எஸ்-485தான். ஆனால் அது 187.5 கேபிபிஎஸ் வேகத்தில், டோக்கன் முறையில் (முறை வந்தவர் மட்டும் பேசும் ஏற்பாடு) ஓடுவது. சாதாரணக் கன்வெர்ட்டரை அதில் மாட்டினால் பயனில்லை. ஹெல்ம்ஹோல்ஸ் நெட்லிங்க் போல எம்பிஐக்கென்றே செய்த அடாப்டர் வேண்டும். ஆலன்-பிராட்லி எஸ்எல்சி 5/03-ன் டிஹெச்-485ம் இதே கதைதான். போர்ட்டின் வடிவத்தைப் பார்த்து ஆர்டர் போடாதீர்கள், புரோட்டோகாலைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

மறைந்திருக்கும் மற்ற செலவுகள்:

முதலில் மின்சாரம். மலிவான மாற்றி 5 வோல்ட் சுவர் அடாப்டரோடு வரும். பேனலுக்குள் அதற்கு ஒரு சாக்கெட், அதில் ஆடும் பிளக். 24 வோல்ட் டிசியில் ஓடி டின் ரயிலில் (பேனலுக்குள் சாதனங்களை மாட்டும் உலோகப் பட்டை) மாட்டுகிற மாடலை வாங்குங்கள், அந்த விலை வித்தியாசம் முதல் வருடத்திலேயே திரும்பிவிடும்.

இரண்டாவது, செட்டிங். பாட் ரேட், பாரிட்டி, ஐபி, டைம்அவுட் எல்லாம் அந்தச் சின்னப் பெட்டிக்குள் இருக்கின்றன. பெட்டி செத்துப்போனால் அதே மாடலே கிடைத்தாலும் செட்டிங் தெரியாமல் ஒன்றும் செய்ய முடியாது. ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பேனல் கதவிலேயே ஒட்டிவைக்கச் சொல்வேன்.

மூன்றாவது, ஏ–பி பெயர். ஆர்எஸ்-485ல் எந்த முனை ஏ, எந்த முனை பி என்பதில் தயாரிப்பாளர்களுக்குள் ஒற்றுமை கிடையாது. தொடர்பு வரவில்லை என்றால் முதலில் இரண்டு கம்பியையும் மாற்றிப் பாருங்கள். அதன் பிறகு கம்பியின் இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கிறதா என்று பாருங்கள்.

## பிஎல்சியோடு சேரும் ஈதர்நெட் மாட்யூல்

மிட்சுபிஷி எஃப்எக்ஸ்3யுவுக்கு எஃப்எக்ஸ்3யு-இநெட்-ஏடிபி, எஸ்7-300க்கு சிபி 343-1, டெல்டாவுக்கு டிவிபிஇஎன்01-எஸ்எல் போன்றவை. தொழில்நுட்ப ரீதியில் அடாப்டரைவிட இது சுத்தமான வழி, சந்தேகமில்லை. ஆனால் விலை பல சமயம் ஈதர்நெட் உள்ள புது பிஎல்சிக்கு அருகில் வந்துவிடும். சிலவற்றுக்குப் புரோகிராமிலும் வேலை இருக்கும். பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டிய புரோகிராம், எழுதியவர் தொடர்பிலேயே இல்லை என்றால் இந்த வழியை மறந்துவிடுங்கள்.

## பிஎல்சியிலேயே உள்ள ஈதர்நெட்

எஸ்7-1200, மிட்சுபிஷி எஃப்எக்ஸ்5யு, மைக்ரோலாஜிக்ஸ் 1400, டெல்டா டிவிபி-12எஸ்இ எல்லாம் இந்த வகை. ஹெச்எம்ஐ, ஸ்காடா, லேப்டாப் மூன்றும் ஒரே ஸ்விட்சில் சேர்ந்து, ஒன்றை ஒன்று தொந்தரவு செய்யாமல் பேசும். புரோகிராம் ஏற்ற ஒரு சாதாரண நெட்வொர்க் கேபிள் போதும், எந்தக் கேபிள் யாரிடம் இருக்கிறது என்று தேட வேண்டியதில்லை. என்னைக் கேட்டால் இந்த ஒரு காரணமே கூடுதல் விலைக்குச் சரியாகப் போகும்.

இன்னொரு லாபத்தை அதிகம் பேர் கவனிப்பதில்லை. ஈதர்நெட் போர்ட்டுக்குள் டிரான்ஸ்பார்மர் இருக்கிறது, தர விதிப்படி அது 1500 வோல்ட் ஏசி வரை தாங்க வேண்டும். அதாவது ஐசொலேஷன் இயல்பாகவே உண்டு. ஷீல்டு இல்லாத கேபிளில் இரண்டு பேனலின் எர்த்தும் ஒன்றோடொன்று சேராது. ஷீல்டு கேபிள் போட்டு இரண்டு முனையும் எர்த் ஆனால், வேண்டாம் என்று நினைத்த பாதையை நாமே திறந்துவிடுகிறோம்.

சரி, செலவுகள்.

போர்ட் இருக்கிறது என்பதாலேயே மோட்பஸ் டிசிபி ஓடாது. எஸ்7-1200ல் அதற்கென்று எம்பி_சர்வர் பிளாக்கைப் புரோகிராமில் சேர்க்க வேண்டும். சீமென்ஸின் சொந்த முறையில் வெளியிலிருந்து படிக்க வேண்டுமானாலும், பல மென்பொருட்களுக்குப் புட்/கெட் அனுமதியை (வெளியிலிருந்து பிஎல்சி டேட்டாவைப் படிக்க, எழுத விடும் தேர்வு) திறந்து, டேட்டா பிளாக்கின் ‘ஆப்டிமைஸ்டு’ தேர்வை எடுத்துவிட வேண்டியிருக்கும். மெஷின் கொடுத்தவர் இதைச் செய்து தருவாரா என்று வாங்கும் முன் கேளுங்கள். வாங்கிய பின் கேட்டால் அது தனி பில்.

அடுத்தது ஐபி முகவரி. ஒவ்வொரு மெஷின் சப்ளையரும் தன் மெஷினுக்கு 192.168.0.1 என்றோ 192.168.1.10 என்றோ போட்டு அனுப்புவார். ஒரு மெஷின் இருக்கும்வரை சிக்கல் இல்லை. மூன்றாவது மெஷினை அதே நெட்வொர்க்கில் சேர்க்கும்போது இரண்டு பிஎல்சிக்கு ஒரே முகவரி இருப்பது தெரியவரும். மாற்றினால் ஹெச்எம்ஐயிலும் மாற்ற வேண்டும், அதன் புரோகிராம் கையில் இருக்காது. ஒன்று நாட் ரூட்டர் (நடுவில் நின்று முகவரியை மாற்றிக் கொடுக்கும் பெட்டி) வாங்க வேண்டும், இல்லையென்றால் சப்ளையரை வரவழைக்க வேண்டும். ஆர்டரிலேயே ‘இந்த மெஷினுக்கு இந்த ஐபி’ என்று எழுதிவிட்டால் ஒரு பைசா செலவில்லை.

கேபிளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிசிடிவி போடுபவரிடமே இந்த வேலையையும் கொடுத்துவிடுவது நம் பக்கம் சகஜம். அவர் கொண்டுவரும் ரோலில் செம்பு பூசிய அலுமினியக் கம்பி இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதிர்வு உள்ள இடத்தில் அது அறுந்து அறுந்து வேலை செய்யும். முழுச் செம்பா என்று ஒரு முனையைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் திருப்பிக் கொடுங்கள். ஸ்விட்சும் வீட்டு ரகம் வேண்டாம், 24 வோல்ட்டில் ஓடும் டின் ரயில் ரகமாக இருக்கட்டும்.

பாதுகாப்புக்கு வருவோம். மோட்பஸ் டிசிபியில் பாஸ்வேர்ட் என்ற ஒன்றே கிடையாது. அது பயன்படுத்தும் 502 என்ற நெட்வொர்க் போர்ட்டைத் தொட முடிந்தவர் எவரும் எழுதலாம். வெளியிலிருந்து பார்க்க வசதியாக இருக்கும் என்று ரூட்டரில் போர்ட் பார்வர்டிங் (இணையத்திலிருந்து நேரே உள்ளே வரும் வழி) போட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். 2023 நவம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அலிகிப்பா என்ற ஊரின் குடிநீர் அமைப்பில், இணையத்தில் வெளிப்படையாக இருந்த யூனிட்ரானிக்ஸ் பிஎல்சி ஒன்றை வெளியாட்கள் கைப்பற்றினார்கள். அந்த வரிசைத் தாக்குதல்களில் தொழிற்சாலை பாஸ்வேர்டான 1111 மாற்றப்படாமலே இருந்தது வாசலைத் திறந்து வைத்தது. ‘அப்படியானால் சீரியல்தான் பாதுகாப்பு’ என்று சொல்ல வருவீர்கள். 2010-ல் வெளியே தெரிந்த ஸ்டக்ஸ்நெட் என்ற தீய மென்பொருள், பென் டிரைவ் வழியாகவும் பரவி, புரோகிராம் போடும் கம்ப்யூட்டரில் உட்கார்ந்துகொண்டு அங்கிருந்துதான் பிஎல்சிக்குள் போனது. கேபிள் எந்த வகை என்பது அதற்குப் பொருட்டே இல்லை. மேலும், டிவைஸ் சர்வர் போட்ட மறுநிமிடம் சீரியல் பிஎல்சியும் நெட்வொர்க்கில் வந்துவிடுகிறது, அந்தப் பெட்டியின் பாஸ்வேர்டை யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள்.

## ஒரே பார்வையில்

| | யுஎஸ்பி கேபிள் | டிவைஸ் சர்வர் | கேட்வே | உள்ளேயே ஈதர்நெட் |
|---|---|---|---|---|
| ஒரே சமயத்தில் பேசுபவர் | ஒருவர் | ஒருவர் என்றே கொள்க | பலர், வரிசையில் | பலர் |
| புரோகிராம் ஏற்ற | நன்று | சில பிஎல்சிக்கு மட்டும் | பொதுவாக முடியாது | மிக நன்று |
| வேகத்தைக் கட்டுப்படுத்துவது | சீரியல் போர்ட் | சீரியல் போர்ட் | சீரியல் போர்ட் | பிஎல்சி ஸ்கேன் (புரோகிராமை ஒரு சுற்று ஓட்டும் நேரம்) |
| ஐசொலேஷன் | விலையைப் பொறுத்து | மாடலைப் பொறுத்து | மாடலைப் பொறுத்து | இயல்பாகவே |
| மறைந்த செலவு | டிரைவர், எரியும் போர்ட் | செட்டிங், மின்சாரம் | செட்டிங், விலை | ஐபி திட்டம், ஸ்விட்ச், பாதுகாப்பு |

## எந்த நிலைமைக்கு எது

பழைய மெஷின், ஒரே ஒரு ஸ்காடா, சில டஜன் ரெஜிஸ்டர். கேட்வே. பிஎல்சியைத் தொட வேண்டாம். ஓடுகிற புரோகிராமைப் புது பிஎல்சிக்கு மாற்றி எழுதி, ஐஓ (உள்ளீடு, வெளியீடு) கம்பிகளை மாற்றி, மறுபடி கமிஷனிங் செய்யும் செலவில் பத்துக் கேட்வே வாங்கலாம். இதில் ஒரு விதிவிலக்கு: அந்த பிஎல்சி உற்பத்தியே நின்றுபோய், உதிரி பழைய மார்க்கெட்டில்தான் கிடைக்கிறது என்றால், எப்படியும் மாற்றத்தான் போகிறீர்கள். அந்தச் செலவோடு ஈதர்நெட்டும் வந்துவிடும், நடுவில் கேட்வேக்குத் தண்டமாகக் கொடுக்க வேண்டாம்.

போர்வெல், பம்ப் ஹவுஸ், 500 மீட்டர் தள்ளி ஒரு பேனல். ஆர்எஸ்-485 கம்பியை இழுத்து, ஆபீஸ் பக்கம் ஐசொலேட்டட் கேட்வே. திறந்த வெளியில் போகும் கம்பிக்கு இரு முனையிலும் சர்ஜ் புரொடெக்டர் போடுங்கள். இடி அதிகம் விழும் இடமென்றால் பைபர்தான் நிம்மதி.

திருப்பூர்ச் சாயப்பட்டறையின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் மாதிரி இடங்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு, சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாத முறைக்கு அந்த ஊர் மாறியது. இப்படிப்பட்ட நிலையத்தில் ஆர்ஓ பிளான்ட்டில் ஒரு பிஎல்சி, எவாப்பரேட்டரில் ஒன்று, நடுவில் ஏராளமான ஃப்ளோ மீட்டர், எனர்ஜி மீட்டர். மீட்டர்கள் பெரும்பாலும் ஆர்எஸ்-485 மோட்பஸ்தான் பேசும். ஆகவே இங்கே ‘ஈதர்நெட்டா சீரியலா’ என்பதே தவறான கேள்வி, இரண்டும் வேண்டும். மீட்டர்களை பிஎல்சியின் ஆர்எஸ்-485ல் படித்து, பிஎல்சியின் ஈதர்நெட் வழியாக ஸ்காடாவுக்குக் கொடுப்பது நேரான வழி. இங்கே ஒரு பொறி இருக்கிறது: எஸ்7-1200ல் ஈதர்நெட் உண்டு, சீரியல் போர்ட் கிடையாது. சிபி 1241 போர்டோ சிஎம் 1241 மாட்யூலோ தனியாக வாங்க வேண்டும். எஃப்எக்ஸ்5யுவிலும் டிவிபி-12எஸ்இயிலும் ஆர்எஸ்-485 உள்ளேயே வந்துவிடுகிறது. விலை ஒப்பிடும்போது இதைச் சேர்த்துக் கூட்டுங்கள்.

புது மெஷின், தனியாக ஓடும், ஸ்காடா எண்ணமே இல்லை. அப்படியும் ஈதர்நெட் மாடல்தான். பிற்பாடு வரும் ஒரு டிவைஸ் சர்வர், அதைப் பொருத்த ஒரு நாள், மெஷின் நிற்கும் நேரம் இவற்றைக் கூட்டினால் இன்றைய விலை வித்தியாசம் சின்னதாகிவிடும். ஒரே மாதிரி நூறு சின்ன மெஷின் செய்து விற்பவருக்கு மட்டும் இந்தக் கணக்குப் பொருந்தாது. அவருக்கு ஒவ்வொரு பிஎல்சியிலும் மிச்சமாகும் தொகை நூறால் பெருகும், வாங்குகிறவர்களில் கேட்பவருக்கு மட்டும் ஈதர்நெட் மாடலைப் போட்டுக் கொடுக்கலாம்.

வருடத்துக்கு இரண்டு முறை புரோகிராம் பேக்கப் எடுக்க மட்டும். நல்ல ஐசொலேட்டட் யுஎஸ்பி கேபிள் ஒன்று, அதன் டிரைவர் ஏற்றிய பழைய லேப்டாப் ஒன்று. இரண்டையும் ஒரே பையில் போட்டு, மெஷின் பெயரை எழுதி, பூட்டி வையுங்கள். அந்த லேப்டாப்பில் விண்டோஸ் அப்டேட் மட்டும் ஓட விடாதீர்கள்.